செருப்பை வெளியே விடவும்

கோபம் அந்த ரூமிலேயே வந்திருக்க வேண்டும், வரவில்லை. பஸ்ஸில் வந்திருக்கலாம், அங்கேயும் வரவில்லை. சன்னலோரம் இடம் கிடைத்த சந்தோஷத்தில் மகளுக்குக் கரண்டுக் காற்றாடிகளைக் காட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஊருக்குப் பிரிகிற விலக்கில் இறங்கி, பஸ் தன் புகையையும் புழுதியையும் இவர்கள் தலையில் கொட்டிவிட்டுப் போன பிறகு, நிவிஷாவை இடது ஒக்கலில் ஏற்றி, வலது தோளில் கட்டைப்பையை மாட்டி, ஊர்ச் சாலையில் நாலு எட்டு வைத்ததும்தான் உலகம்மாளுக்கு அது அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. தேங்க்ஸ் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். தேங்க்ஸ்ங்க மேடம். என்னத்துக்குத் தேங்க்ஸ்? டவுன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு ஒண்ணாங்கிளாஸில் இடம் கேட்டுப் போனவளிடம், ஒண்ணாங்கிளாஸ் மாடியில் இருக்கிறது, ஏற்றி இறக்க ஆள் கிடையாது, கீழே எல்.கே.ஜி. பிள்ளைகளோடயே உட்கார்ந்துகொள்ளட்டும் என்று அந்த மேடம் சொன்னதற்கா? "எத்தனை வருஷம்னு இப்ப சொல்ல முடியாதும்மா, பாப்போம். மத்த பேரன்ட்ஸும் கேப்பாங்கல்ல" என்றதற்கா? மத்த பேரன்ட்ஸ் என்ன கேட்பார்கள், எங்கள் பிள்ளைகளுக்குக் கால் இருக்கிறதே, அதற்கு ஏதாவது குறைத்துக்கொள்வீர்களா என்று கேட்பார்களா? இது இப்போது தோன்றுகிறது, நடுரோட்டில். அங்கே வாய் முழுக்கப் பல்தான் இருந்தது. உலகு என்றால் சிரித்த முகம் என்று ஊரில் பெயர். தாலி ஏறும்போது சிரித்தாள் என்று மாமியார் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். பிள்ளைக்குக் காலில் பலம் வராது என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்றுகூட, "எப்படியும் நடந்திருவாள்லா சார்" என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், டாக்டருக்கே ஒரு மாதிரி ஆகி, நடக்க வைப்போம்மா என்றார். சிரித்தால் காரியம் நடக்கும். ரேஷன் கடையில் நடக்கும், கண்டக்டரிடம் நடக்கும், பிள்ளை ஏறும் வரை விசில் ஊதாமல் நிற்பார். இன்றைக்கு நடக்கவில்லை. அந்த மேடம் சிரிப்பை வாங்கி வைத்துக்கொண்டு, "நீங்க பாசிட்டிவா இருக்கீங்க, அதுவே பெரிய விஷயம்" என்று சொல்லி, சாயங்காலத்துக்குள் போன் பண்ணிச் சொல்லுங்கள், சீட் நிற்காது என்று அனுப்பிவிட்டாள் மகராசி. பஸ் போர்டு படிக்கிற பிள்ளை, மூக்கு ஒழுகுகிறதுகளோடு உட்கார்ந்து மறுபடியும் ஆப்பிள் படத்துக்குச் சிவப்பு அடிக்க வேண்டும். அடிக்கட்டும், அடித்து அடித்துக் கலர்ப்பென்சில் கம்பெனியே வைக்கட்டும்.

மேற்கே மலைப்பக்கம் சாரல் இறங்கிவிட்டது; இந்தப் பக்கத்துக்கு அதன் காற்று மட்டும் வரும், ஈரம் வராது. எதிர்க்காற்று. நிவியின் பட்டுப்பாவாடை குடை மாதிரி உப்பி உலகம்மாளின் முகத்தில் அறைந்தது. இழுத்து இடுப்பில் செருகினாள், மறுபடியும் உப்பியது. பாவாடை எதற்கு உடுத்திவிட்டாள்? நல்ல காரியத்துக்குப் போகிறோம் என்றுதான். வேறு எதற்கு? கட்டைப்பை ஒவ்வொரு எட்டுக்கும் தொடையில் இடித்தது. உள்ளே கம்பி ஷூ. முட்டிக்கு மேல் வரை இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, தோல் வார், கீழே கனத்த கறுப்பு ஷூ. ஒரு ஜோடி ஒரு கோழியின் கனம் இருக்கும். அதைப் போட்டுவிட்டால் நிவி சுவரைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடப்பாள், டக் டக்கென்று அடுப்படிக்கு வந்து நின்று இன்றைக்கு என்ன குழம்பு என்று விசாரிப்பாள். கழற்றிவிட்டால் நனைந்த துணி மாதிரி மடிந்து உட்கார்ந்துவிடுவாள். காலையில் போட்டுத்தான் கூட்டிப்போனாள். அந்த ரூம் வாசல் வரைக்கும் காலில்தான் இருந்தது. வாசலில் ஒரு போர்டு. நிவிதான் படித்தாள், அவளுக்கு எந்த எழுத்தையும் விட்டுவைக்க முடியாது. "செ... ருப்... பை, வெளியே விடவும்." படித்து முடித்து, படித்துவிட்டேன் பார் என்று ஒரு பார்வை. பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தாள். "எம்மா, என் ஷூவையுமா?" இவள் ஆமா என்றாள். ஆமா. அந்த ஒரு சொல்லைச் சொல்ல வாய் எவ்வளவு வேகமாகத் திறந்தது. வாரை அவிழ்த்து, கம்பி ஷூவைத் தன் செருப்புப் பக்கத்தில் வைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். குளிர்ந்த ரூம். ஏ.சி. போட்டிருந்தார்கள். "கம் பேபி, ஆன்ட்டிகிட்ட நடந்து வா பாப்போம்" என்று மேடம் கையை நீட்டியபோது மடியில் இருந்த பிள்ளை மேடத்தைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தாள். "நடக்காதா?" என்றாள் மேடம். "நடப்பா மேடம், ஷூ வெளிய கெடக்கு." சொல்லும்போதே அது பொய் மாதிரி இருந்தது. தோசை வரும், கல்தான் காயவில்லை என்கிற மாதிரி. மேடமும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பாள். "கிளாஸுக்குள்ளயும் ஷூ எல்லாம் அலவ் பண்றதில்லம்மா. டைல்ஸ் போட்டிருக்கோம்." டைல்ஸ். டைல்ஸுக்குக் கீறல் விழும். சரி, அதை விடு, அதை நினைக்க வேண்டாம். எதிரே ஆள் வருகிறது.

செல்லத்தாய் மைனி. பக்கத்துத் தெரு, உறவு என்று பார்த்தால் எங்கேயோ சுற்றி வரும், வாய் மட்டும் நேராக வரும். தலையில் புல்லுக்கட்டு. "எங்கட்டி போயிட்டு வாரீய தாயும் மவளும், பட்டு எல்லாம் கட்டி? மாப்ள பாக்கவா?" "ஆமா மைனி. மாப்ளைக்கு மாடி வீடு, படி ஏறணுமாம், அதான் யோசிச்சுச் சொல்லுதோம்னு வந்துட்டோம்." சிரித்துவிட்டாள், பாருங்கள், மறுபடியும் சிரித்துவிட்டாள். மைனியும் சிரித்தாள். புல்லுக்கட்டுக்குக் கீழே இருந்து நிவியின் கன்னத்தைக் கிள்ளினாள். "இன்னமும் ஒக்கல்லயே வச்சிருக்கியே உலகு. நாளைக்குக் கொமரான பெறவும் தூக்கிட்டுத்தான் திரிவியோ?" சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருக்கலாம், மைனிக்குக் கொடுக்க இவளிடம் சரக்கு இல்லாமலா? இது அப்படியே நெஞ்சில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. கொமரான பெறவும். இப்போதே இடது இடுப்பு இரவில் தனியாக வலிக்கிறது, குனிந்து நிமிர்ந்தால் ஒரு பிடிப்பு. போன தை மாதத்தில் ஒரு கையால் தூக்கினாள், இப்போது இரண்டு கையும் வேண்டியிருக்கிறது. பத்து வயதில் எப்படி? பதினாலு வயதில் தாவணியோடு ஒரு பெண்ணை ஒக்கலில் வைத்துக்கொண்டு ஒருத்தி இந்தச் சாலையில் நடந்து போனால் எப்படி இருக்கும்? பையன்கள் பைக்கில் வந்து வேகத்தைக் குறைத்துப் பார்ப்பார்கள். தனக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், சாக வேண்டாம், சும்மா ஒரு கால் சுளுக்கிக்கொண்டால் போதும், அன்றைக்கு இந்தப் பிள்ளையை யார் தூக்குவார்கள்? கக்கூஸுக்கு யார் கொண்டுபோவார்கள்? ஒரு நாள், ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளில் உட்கார்ந்த இடத்திலேயே, பாயிலேயே, யாரையும் கூப்பிட வெட்கப்பட்டு. நிவியின் தலையிலிருந்து தேங்காய் எண்ணெயும் பவுடரும் வியர்வையும் கலந்த வாசம் வந்தது. பிள்ளை அம்மாவின் காதைத் திருகிக்கொண்டு, "மைனி வாயில பல்லே இல்ல, ஆனா எவ்ளோ சிரிக்கா" என்றாள். "உனக்கு அத்தைட்டி அவ." "உனக்கு மைனின்னா எனக்கும் மைனி." சரி தாயே, எல்லாருக்கும் மைனி.

பைக்குள் போன் அடித்தது. கம்பியிலும் வாரிலும் சிக்கிக் கிடந்ததைத் தேடி எடுப்பதற்குள் நின்று, மறுபடியும் அடித்தது. நிவியின் அப்பா குத்தாலிங்கம், எர்ணாகுளத்தில் பேக்கரி வேலை, இந்த நேரத்துக்கு இரண்டாவது ஈடு பன் உள்ளே போயிருக்கும், ஐந்து நிமிஷம் பேசலாம். "என்னாச்சு?" "கெடச்சிருச்சு." "பாத்தியா, நான் சொன்னேம்லா." "எல்.கே.ஜி.ல." அந்தப் பக்கம் தட்டுகள் மோதும் சத்தம். "அவதான் எல்லாம் படிக்காளே." "ஒண்ணாங்கிளாஸ் மாடியில இருக்காம். கீழயே இருக்கணுமாம். கக்கூஸுக்கு நான் போயி நிக்கணுமாம்." அங்கே யாரிடமோ தட்டை இறக்கச் சொன்னான். பிறகு சொன்னான், "கீழ இருந்தா என்ன உலகு. மாடி இங்கிலீஷ், கீழ்வீட்டு இங்கிலீஷ்னு ரெண்டா இருக்கு? காதுல விழுந்துகிட்டே இருந்தாப் போதும்." "உங்க காதுல விழுதா நான் சொல்லுதது?" "விழுது விழுது. நம்ம ஊரு பள்ளிக்கூடத்துல போட்டு என்னத்தக் கிழிச்சோம் ரெண்டு பேரும், அதச் சொல்லு." நிவி போனைப் பிடுங்கினாள். "எப்பா, அங்க ஷூ போடக் கூடாதாம்." "அப்படியா செல்லம்? வெறுங்காலு நல்லதுதான், அப்பா எல்லாம் வெறுங்கால்தான் நடந்தேன்." பிள்ளை போனைக் காதிலிருந்து எடுத்து, அது ஏதோ தப்பான பொருள் மாதிரி ஒரு தடவை பார்த்துவிட்டு அம்மாவிடம் கொடுத்தாள். உலகம்மாளுக்குக் கண்ணுக்குள் சுள்ளென்றது. நல்ல மனுஷன்தான், குடியில்லை, ஒன்றுமில்லை, வரும்போது பிள்ளைக்கு ஒரு பெட்டி கிரீம் பன் வாங்காமல் வரமாட்டான். ஆனால் எந்த வாரை எந்தத் துளையில் மாட்ட வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது. வெறுங்கால் நல்லதாம். வெறுங்காலோடு அவனை ஒரு நாள் அந்த பன் அடுப்பு மேல் நிற்க வைக்க வேண்டும். "பன் கருகப் போவுது, போயிப் பாருங்க" என்று போனை வைத்தாள்.

ஊர்ப் பள்ளிக்கூடம் மட்டும் என்ன வாழ்கிறது? அதுவும் தெரிந்த கதைதான். பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தின் பெரிய சார் எட்வின் போன வாரம்தான் வீடு வீடாகப் பிள்ளை பிடிக்க வந்தார். பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள், எண்ணிக்கை காட்டாவிட்டால் பள்ளிக்கூடத்தை இழுத்து மூடிவிடுவார்கள், பாவம், வெயிலில் தெருத் தெருவாக அலைந்தார். நிவியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. மோர் குடித்தார். "பேரு சொல்லும்மா, இன்னைக்கே சேத்துருவோம்" என்றார். உலகம்மாள் பூரித்துப்போய்ப் பாயை விரித்து உட்காரச் சொல்ல, அவர் உட்கார்ந்து நிதானமாக அடுத்ததைச் சொன்னார். "பாப்பா வர வேண்டியதில்லம்மா. பேரு மட்டும் இருக்கட்டும். வியாழக்கிழமை தோறும் டீச்சர் ஒருத்தங்க இந்த மாதிரிப் பிள்ளைங்க வீட்டுக்கே போயி சொல்லிக் குடுப்பாங்க. சத்துணவு முட்டை கூட அனுப்பிருதேன். நீ கஷ்டப்பட வேண்டாம் பாரு." இந்த மாதிரிப் பிள்ளைங்க. எவ்வளவு அன்பாகச் சொன்னார். அவருக்கும் சிரித்துத்தான் விடை கொடுத்தாள், மோர்ச் செம்பைக் கழுவியதையே திரும்பத் திரும்பக் கழுவினாள், ஏன் என்று அன்றைக்குப் பிடிபடவில்லை. இப்போது பிடிபடுகிறது. அவருக்குப் பேர் வேண்டும், அந்த மேடத்துக்குப் பீஸ் வேண்டும், இந்தப் பிள்ளையின் உடம்பு மட்டும் எந்த வாசலுக்கும் வேண்டாம். வியாழக்கிழமைக்குக் காத்துக்கொண்டு மற்ற நாளெல்லாம் இவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். டீச்சருக்கு அன்றைக்கு மீட்டிங் என்றால் அடுத்த வியாழன். இதே பள்ளிக்கூடத்தில்தான் உலகம்மாளும் அஞ்சாப்பு வரை படித்தாள். அப்போது கிளாஸ் வாசலில் டீச்சரின் செருப்பு ஒன்றுதான் கிடக்கும். பிள்ளைகளுக்கு ஏது செருப்பு? களத்து மண், வாய்க்கால் சகதி, சாணி, ஆட்டுப்புழுக்கை, எல்லாவற்றையும் காலில் அப்பிக்கொண்டு நேரே உள்ளே ஓடுவார்கள். சாயங்காலம் பெருக்கினால் ஒரு சட்டி மண் வரும். ஒருத்தரும் வாசலில் நிறுத்திக் காலைக் கழற்று என்று சொன்னதில்லை.

காலைக் கழற்று. நடை தானாக நின்றது. அதைத்தானே சொல்லியிருக்கிறாள், இவள்தானே சொன்னாள். அந்த மேடம் சொல்லவில்லை, மேடம் அப்போது உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தாள். போர்டு சொன்னது செருப்பை. பிள்ளை கேட்டாள், என் ஷூவையுமா என்று. அந்தக் கேள்வியில் சந்தேகம்தான் இருந்தது, அம்மா இல்லை என்று சொல்வாள் என்று பாதி நம்பிக்கையும் இருந்தது. கோவிலில் கழற்றுகிறோம், வீட்டு வாசலில் கழற்றுகிறோம், பெரியவர்கள் ரூமுக்குள் செருப்போடு போனால் திமிர் பிடித்தவள் என்பார்கள், அந்தப் பழக்கத்தில் கை போய்விட்டது, அவ்வளவுதான். அவ்வளவுதானா? காற்று மறுபடியும் பாவாடையைத் தூக்கி முகத்தில் போட்டது. கரண்டைக்கால் வரைக்கும் இறங்குகிற பாவாடை. வீட்டில் பாவாடை கட்டினால் முட்டிக் கம்பியில் மாட்டிக்கொள்ளும், விழுவாய் என்று இவளே எத்தனை தடவை திட்டியிருக்கிறாள். இன்றைக்கு விடிந்ததும் பெட்டியைத் திறந்து அதைத்தான் எடுத்தாள், கவுன் எத்தனையோ கிடக்க. முதலில் பிள்ளை முகத்தைப் பார்க்கட்டும், பேச்சைக் கேட்கட்டும், கம்பியைப் பிறகு பார்த்துக்கொள்ளட்டும் என்று. அந்தப் போர்டைப் பார்த்ததும் நெஞ்சுக்குள் என்ன வந்தது? நிம்மதி வந்தது. நல்லதாய்ப் போயிற்று என்று இருந்தது. டக் டக் சத்தம் இல்லாமல் உள்ளே போகலாம். அந்த நிம்மதியைத்தான் இத்தனை நேரம் பஸ்ஸிலும் ரோட்டிலும் பைக்குள் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள், தொடையில் இடிக்க இடிக்க. வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது அவள் பிள்ளையின் கால். யாரோ ஒருத்தர் உள்ளே வரும்போது அதை ஓரமாகக் காலால் தள்ளிவிட்டுக்கூட வந்தார். பார்த்தாள். சிரித்தாள். "எம்மா" என்றாள் நிவி. "இறக்கி விடு." "இன்னும் கொஞ்சந்தான், வீடு வந்துரும்." "ஒனக்கு மூச்சு வாங்குது. ஏன் கோவமா இருக்க?" "யாரு சொன்னா?" "ஒன் கழுத்து டப்பு டப்புன்னு துடிக்கி."

ரோட்டோரம் வாய்க்கால் பாலத்தின் கட்டையில் பிள்ளையை உட்கார வைத்தாள். பட்டுப்பாவாடையை அவிழ்த்து, உதறி, மடித்துப் பைக்குள் திணித்தாள். உள்ளே நீலக் காற்சட்டை இருந்தது, அது போதும். கம்பி ஷூவை எடுத்தாள். வெயிலில் இரும்பு சுட்டது, முந்தானையால் துடைத்து ஊதினாள். வலது கால், இடது கால், வார் மூன்றாவது துளை, முட்டிப் பூட்டு. நிவி தன் காலைத் தானே தட்டிப் பார்த்துக்கொண்டாள், வண்டிக்காரன் டயரைத் தட்டுகிற மாதிரி. "வீட்டுக்கா?" "பள்ளிக்கூடத்துக்கு." "மாடிப் பள்ளிக்கூடத்துக்கா?" "இல்லட்டி. இந்தா தெரியுதுலா, இதுக்கு." பாலத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையே இருந்தது கூப்பிடு தூரம்தான். அதை நடக்க நேரம் ஆனது. ஒரு கை அம்மாவின் விரலில், ஒரு கை காம்பவுண்டுச் சுவரில். உலகம்மாள் தூக்கவில்லை. கை பரபரத்தது, தூக்கினால் ஒரு நொடியில் போய்விடலாம், முதுகுத்தண்டு முழுக்க அந்தப் பரபரப்பு ஏறி இறங்கியது, தூக்கவில்லை. கிளாஸ் வாசலுக்கு ஒரு சாய்தளம் கட்டிவைத்திருக்கிறார்கள். அதில் பெரிய சாரின் பைக் சுகமாக நின்றுகொண்டிருந்தது. நிவி அதையும் சுவர் மாதிரியே பிடித்துக்கொண்டாள். பின் சீட்டு, முன் சீட்டு, டேங்க், ஹேண்டில் என்று கை மாற்றி மாற்றி மேலே ஏறினாள். கண்ணாடியில் ஒரு நிமிஷம் முகம் பார்த்துக்கொண்டாள்.

வாசலில் குட்டிக் குட்டிச் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. இப்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் செருப்பு இருக்கிறது. உள்ளே பாயில் இருந்த பிள்ளைகள் திரும்பினார்கள், வாய்ப்பாடு நின்றது. எட்வின் சார் மேசையிலிருந்து எழுந்தார். "என்னம்மா உலகு, பாப்பாவையுமா கூட்டிட்டு வந்த? பேரு சொன்னாப் போதும்னு சொன்னேம்லா." "பேரு மட்டும் நடந்து வராது சார், அதான் பிள்ளையே வந்துட்டா." சொல்லி முடித்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை என்பது அவளுக்கே புதிதாக இருந்தது. சாருக்கும் புதிது. "அதுக்கில்லம்மா, விழுந்துகிழுந்து வச்சா நாங்கதான பதில் சொல்லணும்." "விழுவா சார். வீட்லயும்தான் விழுதா. எந்திரிப்பா. கக்கூஸுக்கு மத்தியானம் நான் வாரேன், வீடு இங்கதான இருக்கு. தூக்கிட்டு மட்டும் வர மாட்டேன், தினம் நடந்துதான் வருவா. நீங்க பைக்கை வேற எடத்துல நிப்பாட்டுங்க." சார் பைக்கைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், வாய் பழக்கத்தில் தினமும் சொல்கிறதைச் சொன்னது. "சரி சரி, செருப்பை வெளிய விட்டுட்டு உள்ள..." அவர் நிறுத்துவதற்குள் நிவி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. காலையில் கற்றுக்கொண்ட பிள்ளை, என் ஷூவையுமா என்று இப்போது கேட்கவில்லை. குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, முதல் வாரின் கொக்கியை அவிழ்க்கத் தொடங்கியிருந்தாள்.

உலகம்மாள் அந்தச் சின்னக் கையைப் பிடித்தாள். கொஞ்சம் அழுத்தியே பிடித்துவிட்டாள். "கழட்டாத." நிவி நிமிர்ந்து பார்த்தாள். "போர்டு இல்லாட்டியும் கழட்டணும்லா?" "கழட்ட வேண்டாம். அம்மா தப்பாச் சொல்லிட்டேன். எந்திரி, உள்ள போ." கொக்கியை மறுபடி மாட்டிவிட்டு, நிறுத்தி, கையை எடுத்துக்கொண்டாள். பிள்ளை கதவைப் பிடித்தாள், பிறகு சுவரை. டக். டக். துடைத்த சிமெண்ட் தரையில் வாய்க்கால் கரைச் செம்மண் ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு அச்சாக விழுந்தது. முன்வரிசையில் ஒருத்தி கையை நீட்டிக் கம்பியைத் தொட்டு, "ஓடுமா?" என்று கேட்டாள். "ஓடாது. நடக்கும்" என்றாள் நிவி, போகிற போக்கில். பாதிச் சுவர் தாண்டியதும் நின்று திரும்பிப் பார்த்தாள், அம்மாவை இல்லை, தரையை. "எம்மா, தரையெல்லாம் அழுக்காவுது."

"ஆவட்டும்" என்றாள் உலகம்மாள். தன் செருப்பைக் கழற்றி அந்த வரிசையின் ஓரத்தில் விட்டுவிட்டு வாசலிலேயே நின்றாள்.